மாற்றுச் சான்றிதழ் யார் கையில்?

ஜூன் மாதம் பிறந்து பள்ளிக்கூடங்கள் திறந்தால், தலைமையாசிரியரின் மேசைக்கு இரண்டு வகை மனுக்கள் வருகின்றன. இரண்டிலும் வாசகம் ஒன்றே: "எங்கள் பிள்ளையை வேறு பள்ளியில் சேர்க்க விரும்புகிறோம். டி.சி. தந்து உதவுங்கள்." ஆனால் எழுதும் கைகள் வேறு, எழுதத் தூண்டும் காரணங்கள் வேறு. ஒன்று, பிழைப்புக்காக ஊர் விட்டு ஊர் போகும் ஏழையின் மனு. மற்றது, எப்போதேனும் வந்தாலும் ஊரையே கலக்கிவிட்டுப் போகும் மனு. 'இன்ன சாதிக்காரர் சமைத்ததை எங்கள் பிள்ளை உண்ணாது' என்கிற ஆணவத்தின் மனு. முதல் மனுவை அலைக்கழிக்கிறார்கள். இரண்டாம் மனுவுக்கு அஞ்சுகிறார்கள். இது என்ன நியாயம் என்று கேட்கிறோம்.

சட்டம் என்ன கூறுகிறது என்பதைப் பெற்றோர் முதலில் அறிந்திட வேண்டும். 2009-ஆம் ஆண்டு இயற்றப்பட்டு, 2010 ஏப்ரல் 1 முதல் நடப்புக்கு வந்தது கல்வி உரிமைச் சட்டம். அதன் 5-ஆம் பிரிவு தெளிவாகப் பேசுகிறது. எந்தக் காரணத்தினாலும் சரி, மாநிலத்துக்குள் ஆனாலும் வெளி மாநிலத்துக்கு ஆனாலும், பள்ளி மாற வேண்டிய குழந்தைக்கு மாற்றம் கேட்கும் உரிமை உண்டு. அரசுப் பள்ளிக்கும் கேட்கலாம், உதவி பெறும் பள்ளிக்கும் கேட்கலாம். உதவி பெறாத தனியார் பள்ளிகளும், கேந்திரிய வித்யாலயா போன்ற தனிவகைப் பள்ளிகளும் மட்டுமே இதற்கு விலக்கு. பழைய பள்ளியின் தலைமையாசிரியர் சான்றிதழை 'உடனே' வழங்க வேண்டும். 'ஆகட்டும், பார்க்கலாம்' என்றல்ல, 'அடுத்த வாரம் வா' என்றல்ல, உடனே! தாமதித்தால் அவர் மீது பணி விதிகளின்படி ஒழுங்கு நடவடிக்கை எடுக்கலாம். அதனினும் பெரிது ஒன்று உண்டு: சான்றிதழ் வரவில்லை என்று காரணம் காட்டிப் புதிய பள்ளி சேர்க்கையை மறுக்கவும் கூடாது, தள்ளிப்போடவும் கூடாது. பிள்ளை முதலில், தாள் பிறகு. இதுதான் சட்டத்தின் சாரம்.

நடப்பு என்ன? தாள் முதலில்; பிள்ளை பிறகு! செங்கல் சூளைக்குப் போகும் குடும்பமும், பனியன் கம்பெனி வேலைக்காகத் திருப்பூர் போகும் குடும்பமும் வைகாசியிலும் ஆனியிலும் நல்ல நாள் பார்த்துப் புறப்படுவதில்லை. வேலை கூப்பிட்ட நாளில் மூட்டை கட்டுகிறார்கள். புதிய ஊர்ப் பள்ளியில், "டி.சி. எங்கே அம்மா?" என்கிறார்கள். அதை வாங்க ஒரு நாள் கூலியையும் பஸ் செலவையும் இழந்து பழைய ஊருக்குத் திரும்பினால், "எழுத்தர் விடுப்பு" என்கிறார்கள். இப்போது கணினிப் பதிவும் சேர்ந்துகொண்டது. பழைய பள்ளி மாணவனின் பெயரை விடுவித்துப் பொதுத் தொகுப்புக்கு அனுப்ப, அங்கிருந்து புதிய பள்ளி எடுத்துக்கொள்கிறது. ஏற்பாடு நல்ல ஏற்பாடுதான். ஆனால் விடுவிக்க வேண்டிய விரல் சோம்பி இருந்தால், பிள்ளை வீதியில் நிற்கிறது!

தனியார் பள்ளியிலிருந்து அரசுப் பள்ளிக்கு வர நினைக்கும் பெற்றோரின் துயரம் இன்னொரு வகை. கொரோனாக் காலத்தில் வருவாய் இழந்த எத்தனையோ குடும்பங்கள் அப்படி வந்தன. "கட்டண பாக்கியைக் கட்டிவிட்டு டி.சி. வாங்கிக்கொள்" என்று வழிமறித்த நிர்வாகங்கள் உண்டு. கடன் தகப்பனுடையது, அடகுப் பொருள் குழந்தையின் படிப்பா? பாக்கியை வசூலிக்க வேறு சட்ட வழிகள் இல்லையா? 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு, மாற்றுச் சான்றிதழ் கட்டண வசூலுக்கான கருவி அல்ல, அது குழந்தையின் ஆவணம் என்று கூறிற்று. பாக்கி உண்டு என்று அந்தத் தாளில் குறிப்பதையும் கண்டித்தது. சட்டம் பிறந்து 15 ஆண்டு ஆகும் தறுவாயிலும் நீதிமன்றம் இதை எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது என்பதே நமக்கு வேதனை.

குறை இன்னொன்றும் உண்டு. இந்தச் சட்டத்தின் குடை எட்டாம் வகுப்போடு மடங்கிவிடுகிறது. ஒன்பதாம் வகுப்புப் பெண் ஊர் மாறினால் 5-ஆம் பிரிவு அவளுக்குத் துணை நிற்காது. படிப்பை நிறுத்திவிட வீடும் வறுமையும் சேர்ந்து நெருக்குகிற வயது அதுவே அல்லவா? கல்வியை மாநிலப் பட்டியலிலிருந்து 1976-இல் 42-ஆவது திருத்தத்தின் மூலம் பொதுப்பட்டியலுக்குக் கொண்டுபோனார்கள். ஆயினும் இந்தக் குடையைப் பன்னிரண்டாம் வகுப்பு வரை விரிக்க மாநிலத்தின் கையில் அதிகாரம் இருக்கிறது.

இனி இரண்டாவது மனுவுக்கு வருவோம். 2018 ஜூலையில் திருப்பூர் மாவட்டம் திருமலைக்கவுண்டன்பாளையம் அரசுப் பள்ளியில் நடந்ததை நாடு அறியும். சத்துணவு சமைக்க வந்த அருந்ததியர் பெண்ணைச் சமைக்கவிடாமல் ஆதிக்கசாதியினர் தடுத்தனர். அதிகாரிகள் என்ன செய்தார்கள்? தடுத்தவர்களை விட்டுவிட்டு அந்த அம்மையாரை இடமாற்றம் செய்தார்கள்! எதிர்ப்பு எழுந்த பிறகே அந்த உத்தரவு ரத்தாயிற்று. 2023 செப்டம்பரில் கரூர் மாவட்டம் வேலன்செட்டியூரில் காலை உணவைச் சமைத்தவரின் சாதி பார்த்துப் பிள்ளைகளைத் தடுத்தபோது, மாவட்ட ஆட்சியர் நேரில் சென்று, கண்டித்து, அந்த உணவையே அருந்தினார். முன்னதில் ஆட்சி சாதியின் முன் எழுந்து நின்றது. பின்னதில் பந்தியில் அமர்ந்தது. எது ஆட்சியின் அழகு என்று நாம் சொல்லவும் வேண்டுமோ?

பந்தியில் பேதம் என்பது நம் இயக்கத்துக்குப் புதிய வழக்கு அல்ல. சேரன்மாதேவி குருகுலத்தில் பார்ப்பனப் பிள்ளைகளுக்குத் தனிப் பந்தி போட்டதை எதிர்த்து 1924, 1925-இல் பெரியாரும் வரதராஜுலுவும் போர்க்கொடி உயர்த்தினர். பொது நிதியில் நடக்கும் பள்ளியில் தனிப் பந்தியா என்பதே அன்றைய கேள்வி. நூறாண்டு கடந்தும் அதே கேள்விதான். பந்தியிலிருந்து அது அடுப்படிக்கு நகர்ந்திருக்கிறது, அவ்வளவே.

அப்படியானால் சாதி பார்த்து டி.சி. கேட்பவருக்குச் சான்றிதழை மறுக்கலாமா? கூடாது என்றே சொல்கிறோம். தகப்பனின் குற்றத்துக்குப் பிள்ளையின் படிப்பைப் பணயம் வைக்கக் கூடாது. கட்டணம் பாக்கி வைத்தவனுக்கு நாம் சொல்லும் நியாயம் இவனுக்கும் பொருந்தத்தான் வேண்டும். கேட்டால் கொடுங்கள். ஆனால் சமையலறையில் ஒரு கரண்டியைக்கூட அதற்காக இடம் மாற்றாதீர்கள். மிரட்டலாக நீட்டப்படும் மனு, உடனே நிறைவேற்றப்பட்டால் மிரட்டலாக இருக்காது. அங்கே வன்கொடுமை நடந்திருந்தால் அதற்குத் தனிச் சட்டம் இருக்கிறது. அது தன் கடமையைச் செய்யட்டும்.

கோட்டையில் யார் அமர்ந்திருந்தாலும் நாம் கேட்பவை மூன்று. 5-ஆம் பிரிவைத் தமிழில் அச்சிட்டு ஒவ்வொரு பள்ளிக்கூட வாசலிலும் தொங்கவிடுங்கள். அந்த உரிமையைப் பன்னிரண்டாம் வகுப்பு வரை நீட்டுங்கள். சாதியின் சொல்லுக்காகச் சமையல் பணியாளரை மாற்றும் அதிகாரி எவரானாலும், அவரையே விசாரணைக்கு உட்படுத்துங்கள்.

பெற்றோருக்கும் ஒரு சொல். மனுவை எழுத்தில் கொடுங்கள். தேதியிட்ட ஒப்புகை வாங்குங்கள். சான்றிதழ் கைக்கு வரும்வரை பிள்ளையை வீட்டில் நிறுத்திவைக்காதீர்கள். எட்டாம் வகுப்புக்கு உட்பட்ட பிள்ளையானால் நேரே புதிய பள்ளிக்கு அழைத்துப் போய் 5-ஆம் பிரிவைச் சொல்லிக் கேளுங்கள். அது சலுகை அல்ல, உரிமை. மறுத்தால் மாவட்டக் கல்வி அலுவலரிடம் போங்கள்.

பிள்ளை எந்தப் பள்ளிக்கும் போகலாம். சாதி எந்தப் பள்ளிக்குள்ளும் நுழையக் கூடாது.