ஓடுகிறவர்களும் ஓட்டத்தை எழுதுகிறவர்களும்

விடிவதற்கு ஒரு மணி நேரம் முன்பாகவே பாளையங்கோட்டை மைதானங்களில் ஓடத் தொடங்கிவிடும் இளைஞர்களை ஓட்டக்காரர்கள் என்று யாரும் சொல்வதில்லை. ‘செலக்‌ஷனுக்கு ஓடுற பயலுவ’ என்பதுதான் ஊர் அவர்களுக்கு வைத்திருக்கும் பெயர். இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்தில் முடித்தாக வேண்டும். அந்த 7 நிமிடத்துக்காக அவர்கள் மாதக்கணக்கில் நாள்தோறும் ஏழெட்டுக் கிலோமீட்டர் ஓடுகிறார்கள். அவர்களுக்கு வெகு பின்னால், விலையுயர்ந்த காலணியும் தூரம் காட்டும் கைக்கடிகாரமுமாக, நாற்பதைக் கடந்த சிலர் மூச்சிரைத்து வருவதையும் காணலாம். நாங்கள் அந்தப் பின்வரிசைக்காரர்கள்.

எங்களில் பாதிப்பேரை ஓட வைத்தது மருத்துவர் அல்லர், ஹருகி முரகாமி. ஓட்டத்தைப் பற்றிய அவரது நூல் 2007இல் ஜப்பானிய மொழியிலும் அடுத்த ஆண்டு ஆங்கிலத்திலும் வந்தது. 1983 ஜூலையில் ஏதென்ஸிலிருந்து மாரத்தான் ஊர்வரை வெயிலில் தனியாக ஓடிய அனுபவத்தை அதில் எழுதியிருக்கிறார். வியர்வை காய்ந்து உடம்பெல்லாம் உப்பாகப் படிந்ததும் அதில் வருகிறது. அந்த நூலை முன்வைத்து எழுத்தாளனின் தனிமை குறித்து நாங்கள் குறுக்குத்துறைப் படித்துறையில் அமர்ந்து மணிக்கணக்காகப் பேசியிருக்கிறோம். உப்பைப் பற்றிப் பேசியதாக நினைவில்லை. இலக்கிய வாசகர்களின் குறைபாடு இது என்றே இப்போது தோன்றுகிறது.

ஓட்டத்தைப் பற்றிய எழுத்து உலகில் ஏராளம். அதில் பெரும்பகுதி குளிர்நாட்டு உடல்களுக்காகவும் காலணிக் கடைகளுக்காகவும் எழுதப்பட்டது. ‘ரன்னர்ஸ் வேர்ல்ட்’ என்னும் புகழ்பெற்ற இதழின் தொடக்கம் நம் வாசகர்களுக்கு உவப்பானது. 1966இல் அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் பாப் ஆண்டர்சன் என்ற பள்ளி மாணவர் வேறொரு பெயரில் தொடங்கிய சிற்றிதழ் அது. 1970களில் அதே இதழ் காலணிகளுக்குத் தரவரிசை போட ஆரம்பித்தது. அதில் விளம்பரம் செய்தவர்களும் காலணி நிறுவனத்தாரே. சிற்றிதழ்கள் பெரிதானால் என்ன ஆகும் என்பதற்கு நாம் தமிழ்நாட்டுக்கு வெளியே உதாரணம் தேட வேண்டியதில்லைதான். இருந்தாலும் சொல்லி வைக்கிறோம்.

பின்னர் 2009இல் கிறிஸ்டோபர் மெக்டூகலின் ‘பார்ன் டு ரன்’ வந்தது. வெறுங்காலோட்டம் மோஸ்தராயிற்று. விரல்கள் தனித்தனியாகத் தெரியும் மெல்லிய உறைகளைக் காலணி என்று விற்ற நிறுவனம், காயங்களைக் குறைக்கும் என்று செய்த விளம்பரத்துக்காக வழக்கைச் சந்தித்து, 2014இல் பணம் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது. மூன்றே ஆண்டுகளில் காற்று நேர்மாறாக அடித்தது. 2017இல் கார்பன் தகடு பதித்த தடித்த காலணிகள் வந்தன. அடிப்பகுதி 40 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது என்று 2020இல் உலகத் தடகள அமைப்பு விதி செய்ய வேண்டியிருந்தது. மெலிதே நல்லது என்றும் தடிமனே நல்லது என்றும் பத்தாண்டுக்குள் இரு வேதங்கள். இதற்கிடையே வாங்க வழியில்லாமல் வெறுங்காலோடு ஓடிக்கொண்டிருந்த நம் பையன்கள், தாங்கள் ஒரு சித்தாந்தத்தைப் பின்பற்றுவதை அறியவே இல்லை.

காலணியைப் பற்றிச் சொல்ல எங்களிடம் இருப்பது கொஞ்சம்தான். சிறுவயதில் செருப்பில்லாமல் வளர்ந்த பாதம் முன்புறம் அகன்றிருக்கும்; விரல்களை நெருக்காத அளவில், பாதம் சற்று வீங்கியிருக்கும் மாலை வேளையில் வாங்குங்கள். முடிந்தவரை தார்ச்சாலையைத் தவிர்த்து, பாளையங்கால்வாய், கோடகன் கால்வாய்க் கரைகளில் மண்பாதை இருக்கும் இடங்களில் ஓடுங்கள். ஒரு காலணிக்கு மேல் யோசிக்க வேண்டிய வேறு விஷயங்கள் இங்கே இருக்கின்றன.

வெயில்தான் அவற்றில் முதலாவது. 2024 ஆகஸ்டில் ஜார்க்கண்ட் மாநிலத்தில் கலால் காவலர் தேர்வு நடந்தது. ஆண்கள் 10 கிலோமீட்டரை ஒரு மணி நேரத்துக்குள் ஓட வேண்டும். அந்தத் தேர்வில் பத்துக்கும் மேற்பட்ட இளைஞர்கள் இறந்துபோனார்கள். ஊக்கப்பொருள் எதையாவது உட்கொண்டிருப்பார்களோ என்ற ஐயம் எழுந்தது. காலை 9 மணிக்கு மேல் ஓடவிடக் கூடாது என்று மாநில முதலமைச்சர் அதற்குப் பிறகே உத்தரவிட்டார். அந்தச் செய்தியைத் தமிழ் நாளிதழ்களில் தேடிப் படித்தபோது எங்களுக்குப் பாளையங்கோட்டை முகங்களே தெரிந்தன.

வெயிலில் ஓடி விழுந்தவனை நம் ஊரில் என்ன செய்வார்கள்? கூட்டம் சூழும், முகத்தில் சோடா அடிப்பார்கள், ஆட்டோ தேடுவார்கள். உடலின் உள்வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டி, பேச்சு குழறி, ஆள் யாரென்று தெரியாமல் உளறினால் அது வெப்பத்தாக்கு. அப்போது ஒவ்வொரு நிமிடமும் மூளையின், ஈரலின் கணக்கில் போகிறது. முதலில் குளிர்வித்தல், பிறகே மருத்துவமனைப் பயணம் என்பது இன்றைய விளையாட்டு மருத்துவத்தின் நிலைத்த விதி. 108ஐ அழைத்துவிட்டு, வண்டி வரும்வரை கழுத்துவரை குளிர்ந்த நீரில் அமர்த்த வேண்டும். தலையை ஒருவர் தாங்கிக்கொள்ள வேண்டும். நினைவு தெளியாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. மேலைநாட்டு நூல்கள் இதற்குப் பனிக்கட்டித் தொட்டியைச் சொல்கின்றன. தாமிரபரணிப் பாசனத்தில் வயலுக்கு வயல் பம்புசெட் தொட்டி இருக்கிறது. நிலத்தடி நீர் பனிக்கட்டியாகாது. ஆனால் சோடாவைவிடப் பலமடங்கு மேல். இதைத் தமிழில் எழுதி மைதானச் சுவரில் ஒட்ட ஏன் எவருக்கும் தோன்றவில்லை?

அடுத்தது உப்பு. சித்திரை வெயிலில் ஓடுகிறவருக்கு மணிக்கு ஒரு லிட்டருக்கு மேல் வியர்ப்பது சாதாரணம். அதோடு சோடியமும் போகிறது. எவ்வளவு என்பது ஆளுக்கு ஆள் மாறும். ‘நிறையத் தண்ணி குடிலே’ என்பதுதான் பயிற்சி சொல்லித்தரும் அண்ணாச்சிகளின் ஒரே மந்திரம். அது பாதி உண்மை. 2002 பாஸ்டன் மாரத்தானில் 488 பேரின் இரத்தத்தைச் சோதித்து 2005இல் வெளியிட்ட ஆய்வில், 13 சதவீதத்தினருக்குச் சோடியம் ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்திருந்தது அல்லது தாழத் தொடங்கியிருந்தது. ஓட்டத்தின்போது அளவுமீறிக் குடித்து எடை கூடியவர்களே அதிகம் பாதிக்கப்பட்டார்கள். தாகத்துக்குக் குடிப்பதும், நீண்ட ஓட்டமானால் உப்பும் சேர்ப்பதும்தான் வழி.

அதற்குப் பன்னாட்டு நிறுவனத்தின் வண்ணத் தண்ணீர் தேவையில்லை. ஓ.ஆர்.எஸ். பொட்டலம் இருக்கிறது. 1971இல் வங்கதேச அகதிகளிடையே காலரா பரவியபோது, பன்காவ் முகாமில் மருத்துவர் திலீப் மகலனாபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரை வாய்வழியே கொடுத்துப் பல்லாயிரம் உயிர்களைக் காத்தார். உலக சுகாதார நிறுவனத்தின் 2002ஆம் ஆண்டு அளவுப்படி ஒரு லிட்டரில் 2.6 கிராம் உப்பும் 13.5 கிராம் குளுக்கோஸும் இருக்கும். பெயரில் மட்டும் ஓ.ஆர்.எஸ். என்று போட்டுக்கொண்டு சர்க்கரைத் தண்ணீரை விற்றவர்கள் பலகாலம் தழைத்தார்கள். இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில்தான் அதைத் தடுத்தது. ஆகவே பொட்டலத்தின் பின்புறத்தைப் படியுங்கள்.

இந்த இடத்தில் நீராகாரம், மோர், கருப்பட்டி என்று பழம்பெருமை பேசுவோம் என வாசகர் எதிர்பார்க்கலாம். உப்பிட்ட மோரும் நீராகாரமும் நல்லவையே. எங்களில் பலர் அவற்றோடுதான் ஓடுகிறோம். ஆனால் உடன்குடிக் கருப்பட்டியும் உடம்புக்குள் போனால் சர்க்கரைதான். அல்வாவும் ஒருவகை ஜெல் என்று வாதிட்டு அதைப் பொட்டலம் கட்டிக்கொண்டு ஓடிய நண்பர் ஒருவர், 18ஆவது கிலோமீட்டரில் நெய்யின் இயல்பை முழுமையாக உணர்ந்துகொண்டார்.

பொடிகளின் கதை இவ்வளவு வேடிக்கையானதல்ல. டப்பாவில் அடைத்த மாவுகளும், ஓடுமுன் சாப்பிடச் சொல்லும் ஊக்கப்பொடிகளும் தேர்வுக்கு முந்தைய மாதங்களில் கைமாறுகின்றன. ஜெர்மனியின் கொலோன் நகர ஆய்வகம் 2000-2001இல் 13 நாடுகளில் வாங்கிய 634 ஊட்டப்பொருள்களைச் சோதித்தது. அவற்றில் 94இல், மேலுறையில் குறிப்பிடாத ஊக்க இயக்குநீர்கள் இருந்தன. திருச்சி மாவட்டத்தின் கோமதி மாரிமுத்து 2019இல் தோஹாவில் ஆசிய 800 மீட்டர் பட்டத்தை வென்றபோது, அவருடைய இரு கால்களிலும் வெவ்வேறு நிறக் காலணி இருந்ததை வைத்து வறுமைக் காவியங்கள் எழுதப்பட்டன. ராசிக்காக அணிந்தேன் என்று அவர் சொன்னதைக் காவியகர்த்தாக்கள் பொருட்படுத்தவில்லை. ஊக்கமருந்துச் சோதனையில் நாண்ட்ரோலோன் காணப்பட்டு 2020இல் நான்காண்டுத் தடையும் பதக்க இழப்பும் வந்தபோது அதே பேனாக்கள் மௌனமாயின. அவர் வழக்கில் தீர்ப்புச் சொல்ல நாங்கள் வரவில்லை. அந்தச் சோதனை எப்படி நடக்கிறது, ஓர் ஓட்டக்காரர் எதை வாயில் போடுமுன் யாரைக் கேட்க வேண்டும் என்று தமிழில் ஒரு பக்கமாவது எவராவது எழுதியிருக்கலாமே என்பதுதான் எங்கள் ஆற்றாமை.

பிறரைக் குறை சொல்லிக்கொண்டிருப்பதைவிட நாமே எழுதுவோம் என்று சென்ற மாசியில் ஒரு தாளின் இருபுறமும் அச்சிட்டோம். வெயில், உப்பு, பொடி, பம்புசெட் தொட்டி ஆகியவை மட்டும். இருநூறு படிகள் எடுத்து மைதானத்தில் கொடுத்தோம். பையன்கள் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்கள். துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டி, பயிற்சிக்கு நாள்தோறும் வரும் பெண் ஒருத்தி மட்டும் அங்கேயே நின்று இரு பக்கத்தையும் படித்துவிட்டுக் கேட்டாள்: “அண்ணாச்சி, இதுல எங்களுக்கு ஒண்ணும் இல்லையே?”

உண்மைதான். பெண்கள் 400 மீட்டரை 2 நிமிடம் 30 நொடியில் ஓட வேண்டும் என்பது எங்களுக்குத் தெரியும். எதை அணிந்து ஓடுகிறார்கள் என்று நாங்கள் யோசித்ததில்லை. ஓட்டத்துக்கான மார்புக்கச்சையே 1977இல்தான், அமெரிக்காவின் வெர்மாண்டில் மூன்று பெண்கள் ஆண்களின் இரண்டு உள்ளாடைகளைச் சேர்த்துத் தைத்து உண்டாக்கியது. நாங்கள் படித்த ஓட்ட நூல்களின் அட்டைக் காலணிகள் அனைத்தும் எங்களுக்கு நினைவிருக்கின்றன. இந்தச் செய்தியைச் சென்ற மாதம்தான் அறிந்தோம். மாதவிலக்கு நாட்களின் ஓட்டம், இரும்புச்சத்து, இருட்டில் தனியே வர இயலாததால் அவர்கள் வெயிலேறிய பிறகே ஓடத் தொடங்குவது என எதுவும் எங்கள் தாளில் இல்லை. இரண்டாம் பதிப்பின் பின்பக்கத்தை முழுதாக ஒதுக்கியிருக்கிறோம். எங்கள் குழுவில் உள்ள உடற்கல்வி ஆசிரியை அதை எழுதிக்கொண்டிருக்கிறார். காலணி பற்றிய வரிகளை எடுத்துவிட்டால் இடம் போதும் என்கிறார்.