பரங்கிமலையில் தொடங்கிய கணக்கு

"இந்த முக்கோணவியல் எல்லாம் எதுக்கு அங்கிள்?" என்று கேட்டாள் பக்கத்து வீட்டுப் பத்தாம் வகுப்புப் பெண். வரைபடத்தை விரித்தேன். தாம்பரம், பல்லாவரம், மேடவாக்கம் மூன்றிலும் காம்பஸ் முனையை ஊன்றி, நான் சொன்ன தூரங்களுக்கு வட்டம் போடச் சொன்னேன். முதல் இரண்டும் இரண்டு இடங்களில் வெட்டிக்கொண்டன. மூன்றாவதை இழுத்ததும் பென்சில் கோடுகள் சேலையூரில் எங்கள் தெருமேல் கூடின. அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்!

நாம் இருக்கும் இடத்தைக் காட்டக் கைப்பேசி செய்வதும் ஏறக்குறைய இதைத்தான். செயற்கைக்கோளின் சமிக்ஞை வந்துசேர எடுத்த நேரத்தை ஒளியின் வேகத்தால் பெருக்கினால் தூரம். கடிகாரம் நொடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினாலே 300 மீட்டர் தப்பிவிடும். அந்தப் பிசகைக் கண்டுபிடிக்கத்தான் நான்காவது செயற்கைக்கோள்.

செயற்கைக்கோள் இல்லாத காலத்தில் இடங்களைக் குறிக்க உதவியது முக்கோணவியல்தான். 1802 ஏப்ரல் 10 அன்று நில அளவையாளர் வில்லியம் லாம்டன் 100 அடி எஃகுச் சங்கிலியோடு நிலத்தை அளக்கத் தொடங்கியது நம் பரங்கிமலையருகேதான். பெரும்பாக்கம் குன்றுவரை சுமார் ஏழரை மைல். இந்தியாவையே முக்கோணங்களால் அளந்த பெரும்பணிக்கு அதுவே அடிக்கோடு. தாம்பரம் வட்டாரப் பள்ளிகள் பிள்ளைகளை ஒரு காலைப்பொழுது பரங்கிமலைமேல் ஏற்றி, கோணமானியும் நூலுமாகத் தெற்கே பார்த்துக் கோணம் எடுக்க வைக்கட்டும். தேர்வில் ஐந்து மதிப்பெண்ணுக்கு வரும் 'உயரங்களும் தூரங்களும்' கணக்கை அங்கேயே போடட்டும்.