நடுவில் அப்படி என்ன இருக்கிறது?

வாக்கு வேண்டுமானால் நடுவுக்கு வா: தேர்தல் நெருங்கினால் பல நாட்டு அரசியல் விமர்சகர்களும் கட்சிகளுக்குச் சொல்லும் புத்திமதி இது. தோற்ற கட்சி தீவிரமாகப் போனதால்தான் தோற்றது என்று மறுநாளே தீர்ப்பும் எழுதிவிடுவார்கள். இதன் வேர் 1929இல் ஹரால்ட் ஹோட்டெல்லிங் எழுதிய பொருளியல் கட்டுரையில் இருக்கிறது. ஒரே தெருவில் இரண்டு வியாபாரிகள் இருந்தால் இருவரும் தெருவின் நடுப்பகுதியில்தான் கடை போடுவார்கள் என்பது அதன் சாரம். 1957இல் ஆன்டனி டவுன்ஸ் இதைக் கட்சிகளுக்குப் பொருத்தினார். இரண்டே கட்சிகள், கொள்கைகளை அளக்க ஒரே கோடு என்றால் கணக்கு சரிதான். மூன்றாவது கட்சி நுழைந்ததும் அது குலைகிறது. நடுவில் இருப்பவரை மற்ற இருவரும் இரு பக்கமிருந்தும் நெருக்கிவிடலாம். பொருளாதாரத்தோடு மதம், ஒழுக்கம் என்று இன்னொரு கோடும் சேர்ந்தால், எல்லாரும் வந்து நிலைக்கக்கூடிய நடுப்புள்ளி என்று ஒன்று பொதுவாக அமைவதே இல்லை.

காகிதக் கணக்கு திணறும் இந்த இடத்தில்தான் கணினி மாதிரி உதவிக்கு வருகிறது. அரசியல் அறிவியலாளர் மைக்கேல் லேவர் 2005இல் வெளியிட்ட ஆய்வில், தனக்கு மிக அருகில் உள்ள கட்சியை ஆதரிக்கும் வாக்காளர்களைத் திரையில் பரப்பி, கட்சிகளுக்கு நான்கு விதமான குணங்களைக் கொடுத்தார். ஒன்று கொள்கையை மாற்றவே மாற்றாது. ஒன்று தன் ஆதரவாளர்களின் சராசரிக் கருத்துக்கு நகரும். ஒன்று பெரிய கட்சி எதுவோ அதை நோக்கி ஓடும். கடைசியானது வேட்டைக்காரர்: போன அடியில் வாக்கு கூடியிருந்தால் அதே திசை, குறைந்திருந்தால் திரும்பி வேறு திசை. அதற்கு வாக்காளர்களின் மனமும் தெரியாது, நடு எங்கே என்பதும் தெரியாது. ஆனாலும் பெரிய கட்சியைத் துரத்தியவர்களை அது வென்றது. துரத்தியவர்கள் ஒரே இடத்தில் குவிந்து ஒருவர் வாக்கை ஒருவர் பறித்துக்கொண்டார்கள். வேட்டைக்காரர்களோ நடுவின் அக்கம்பக்கத்தில் சுற்றினார்களே தவிர, அந்தப் புள்ளியிலேயே போய் உட்காரவில்லை. எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது வேறொன்று. எல்லாக் கட்சிகளும் வாக்கைத் துரத்தாமல் தம் ஆதரவாளர்களுக்கு மட்டும் செவிசாய்க்கும்போதுதான் வாக்காளருக்கும் அவருடைய கட்சிக்கும் இடைவெளி குறைகிறது. போட்டி கட்சிகளை மக்களிடம் கொண்டுவந்து சேர்க்கும் என்ற ஆறுதலும் இங்கே ஆட்டம் காண்கிறது.

நிஜ வாக்காளர் சாதி பார்ப்பார், தலைவரின் முகம் பார்ப்பார், கணினிப் புள்ளிக்கு இதெல்லாம் ஏது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி, ஆனால் நடுவுக்கு வரச் சொல்பவரின் கணக்கிலும் இவை இல்லை. அவர் வைத்திருப்பதும் ஒரு மாதிரிதான், அதன் அனுமானங்களை மட்டும் அவர் வெளியே சொல்வதில்லை. லேவரும் எர்னெஸ்ட் செர்ஜென்டியும் 2011இல் எழுதிய நூலில் கொள்கைக்கு அப்பாற்பட்ட கவர்ச்சியையும் மாதிரிக்குள் சேர்த்தார்கள். கணினியிடம் விரும்பிய விடையை வரவழைக்கலாமே என்பது அடுத்த ஆட்சேபம். வரவழைக்கலாம், ஆனால் பிடிபடுவீர்கள்: விதிகள் எழுத்தில் இருக்கின்றன, யாரும் திரும்ப ஓட்டிப் பார்க்கலாம். தொடக்க நிலையின் தாக்கம் மறையும்வரை ஓட்டி, அதன் பிறகே அந்த நூலாசிரியர்கள் அளவெடுத்தார்கள். தேர்தல் முடிந்த மறுநாள் தீர்ப்பு எழுதுபவரிடம் இப்படிச் சோதித்துப் பார்க்க எதுவும் இருப்பதில்லை.