மலையகத்து இளையோரும் மனத்துயரும்

உடல் நோயுற்றால் மருந்து தேடுகின்ற நம்மவர், உள்ளம் நோயுற்றால் அதற்கொரு பழிப்பெயர் சூட்டி அமைந்துவிடுகின்றனர். வகுப்பில் வாய் திறவாது அமர்ந்திருக்கும் மாணவன் சோம்பேறி எனப்படுகின்றான். எதற்கெடுத்தாலும் சினந்து விழும் மாணவி அடங்காதவள் எனப்படுகின்றாள். உண்ணாமலும் உறங்காமலும் வாடுகின்ற பிள்ளையைக் காத்துக் கறுப்பு அண்டியதென்று கோடாங்கியை அழைப்பாரும் உளர். முன்னைய இருவர்க்கும் பிரம்பும், பின்னையோர்க்கு வேப்பிலையும் மருந்தாகின்றன. இத்துயருக்குக் காரணம் யாது என்னும் வினா மட்டும் எழுவதில்லை.

காரணம் ஆராயும் நெறி தமிழர்க்குப் புதியதன்று. தொல்காப்பியனார் மெய்ப்பாட்டியலில் அழுகைக்கு நான்கு நிலைக்களன்கள் வகுத்தார். பிறரால் இகழப்பட்டு எளியராதல், உற்றாரையும் உடைமையையும் இழத்தல், பண்டை நிலை கெட்டு வருந்துதல், வேண்டுவன துய்க்கப்பெறாத வறுமை என அவற்றை உரைகள் விளக்கும். அது செய்யுட்கு வகுத்த இலக்கணமேயன்றி மருத்துவ நூலன்று. மனச்சோர்வு நோய், வெளிப்படையான காரணமின்றிப் பிறப்பு வழியாலும் உடற்கூற்றாலும் வருதலும் உண்டு. எனினும், அழுகின்றவரைப் பழியாது அழுகையின் களனை நோக்கிய அப்பார்வை இன்று நமக்கு வேண்டற்பாலது.

ஊவா மாகாணத்தில் ஹல்துமுல்லைப் பிரதேசத்தை நோக்குக. 2014 ஒக்டோபர் 29ஆம் நாட் காலை, கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடிற்று. பாடசாலைக்குச் சென்றிருந்தமையால் உயிர் தப்பிய பிள்ளைகளுட் சிலர், திரும்பிய பொழுது வீட்டையும் கண்டிலர், பெற்றோரையும் கண்டிலர். இஃது இழவு. அவ்விடம் ஆபத்தானதென்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கப்பட்டிருந்தும், குடியிருந்தோர்க்கு மாற்றிடம் அமையவில்லை. இது வறுமை. எஞ்சிய குடும்பங்கள் பல, 2016இல் புதுவீடுகள் கிடைக்கும் வரை, மக்கல்தெனியவில் இயங்காதிருந்த தேயிலைத் தொழிற்சாலையில் ஒதுங்கி வாழ்ந்தன. இது நிலை கெட்டு வருந்துதல். 2025 நவம்பரில் டித்வா புயல் வந்த பொழுதும் பதுளை மாவட்டத்து மலைகள் சரிந்தன. இவ்வாறு வளர்ந்த பிள்ளைக்கு மழையின் ஓசை வெறும் ஓசையாகுமா?

பேரிடர் நேராத தோட்டங்களிலும் இக்களன்கள் இல்லாமற் போகவில்லை. தாய் மத்திய கிழக்கு நாடொன்றில் வீட்டுப் பணிப்பெண், தந்தை நாட்கூலி, மூத்தவன் படிப்பை விட்டுக் கொழும்புக் கடையொன்றில் வேலையாள். ஒற்றை அறை லயத்தில் ஒரு பிள்ளை தனித்திருந்து அழுதற்கும் இடமில்லை. வெளியே சென்றால், 'தோட்டக்காட்டான்' என்னும் இகழ்ச்சி காத்திருக்கின்றது. சாதாரண தரப் பரீட்சையில் தவறினாலோ, குடும்பத்தின் நம்பிக்கை முழுவதையும் தானே கெடுத்ததாக அப்பிள்ளை எண்ணுகின்றது.

உலகில் பத்து முதல் பத்தொன்பது வயதினருள் எழுவரில் ஒருவர்க்கு உளநலக் குறைபாடு உண்டென்றும், அத்தகைய குறைபாடுகளில் மூன்றிலொரு பங்கு பதினான்கு வயதிற்குள் தொடங்குகின்றது என்றும் உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. பதினான்கு வயதுப் பிள்ளை பகற்பொழுதிற் பெரும்பகுதி ஆசிரியர் கண்முன் இருக்கின்றது. ஆதலின் அந்நோயை முதலிற் காணத்தக்கவர் ஆசிரியரே. இரண்டு வாரத்திற்கு மேலாக நீங்காத சோர்வு, விளையாட்டிலும் நட்பிலும் விருப்பின்மை, காரணம் புலப்படாத தலைவலி, வயிற்றுவலி, இடையறாத எரிச்சல் ஆகியன அதன் குறிகள். நாவாற் சொல்ல இயலாததைச் சில பிள்ளைகள் கட்டுரைக் கொப்பியில் எழுதிவிடுகின்றனர். அங்கே எழுத்துப்பிழையை மட்டும் திருத்திக் கொப்பியை மூடுதல் தமிழாசிரியர்க்கு அழகன்று.

வாழ விருப்பற்றேன் என ஒரு பிள்ளை கூறின், அதனை நடிப்பென்று தள்ளுதல் பெருந்தவறு. இலங்கையில் 1995ஆம் ஆண்டளவில் தற்கொலை விகிதம் இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 47ஆக இருந்தது. கொடிய பூச்சிகொல்லிகள் தடுக்கப்பட்ட பின்னர், பத்தாண்டுகளில் அது பாதியளவாகக் குறைந்தது. இதனாற் பெறப்படுவது யாது? இறக்கத் துணியும் வேளை பெரும்பாலும் குறுகியது. அவ்வேளையைக் கடத்திவிட்டால் உயிர் நிலைக்கும். அதனைக் கடத்துதற்கு அருகிலொருவர் அமர்ந்து, அறிவுரை கூறாது செவி கொடுத்தலும், தீங்கு செய்யும் பொருள்களை எட்டாமல் வைத்தலும், காலந்தாழ்த்தாது மருத்துவரிடம் அழைத்துச் செல்லுதலும் வேண்டும். தேசிய உளநல நிறுவனத்தின் 1926 என்னும் தொலைபேசி எண் ஒவ்வொரு வகுப்பறைச் சுவரிலும் எழுதப்படுவதாக.

அரசினர்க்கும் ஒரு கடமை உண்டு. பசியைப் பிறமொழியிற் சைகையாலும் உணர்த்தலாம். துயரைத் தாய்மொழியிலன்றி முற்றக் கூறவியலாது. மொழிபெயர்ப்பாளர் ஒருவர் நடுவே நிற்க, ஒரு சிறுமி தன் உள்ளத்தைத் திறந்து காட்டுவாளா? தமிழறிந்த உளநல மருத்துவரும் ஆலோசகரும் மலையகத் தோட்டங்களுக்கு வந்து செல்லுமாறு ஒழுங்கு செய்தல் வேண்டும். அதுவரையில், நாளைக் காலை வகுப்பிற்குள் நுழையும் ஆசிரியர் பின்வாங்கின் மேல் ஒருமுறை கண்ணோட்டுக. அங்கே தலை கவிழ்ந்திருக்கும் பிள்ளையை அருகழைத்து, "என்ன பிள்ளை, சாப்பிட்டாயா?" என்று வினவுதற்குப் பயிற்சியும் வேண்டுவதில்லை, சுற்றறிக்கையும் வேண்டுவதில்லை.