செவிலியர் எட்டிய தளபதி நிலை
ஓசூரை அடுத்த பெங்களூருவில், விமானப்படைக் கமாண்ட் மருத்துவமனையின் செவிலியர் கல்லூரியில் பி.எஸ்சி. முடித்து ராணுவச் செவிலியர் பணியில், அதாவது முப்படை மருத்துவமனைகளுக்கும் செவிலியரை அளிக்கும் தனிப்பிரிவில், சேரும் பெண் லெப்டினன்ட் நிலையில் தொடங்குகிறார். அந்த ஏணியின் உச்சியை 1976இல் எட்டிய ஜெர்ட்ரூட் அலைஸ் ராம், இந்திய ராணுவத்தின் முதல் பெண் மேஜர் ஜெனரலானார். அவர் மருத்துவர் அல்லர், செவிலியர் என்பது கவனிக்கத்தக்கது. ஆயினும், ராணுவ மருத்துவமனையின் நிர்வாகத் தலைவரான கமாண்டன்ட் நாற்காலி இன்றும் மருத்துவருக்கே உரியதாகக் கருதப்படுவது வியப்பே. ஆயிரக்கணக்கான பெண்கள் ஷிப்ட் முறையில் உழைக்கும் ஓசூர், கிருஷ்ணகிரி தொழில் வட்டாரத்து மருத்துவமனைகளாவது, இரவுப்பணிப் பட்டியல், மருந்திருப்பு, தொற்றுத் தடுப்பு ஆகியவற்றைப் பல்லாண்டு கையாண்டு ஓய்வுபெற்ற ராணுவ மேட்ரனை, அதாவது தலைமைச் செவிலியரை, நிர்வாகத்தில் அமர்த்தத் தயங்குவதற்கு நியாயமான காரணம் எதுவுமில்லை.