அனுப்புறதும் நீயே, வாங்கிக்கிறதும் நீயே... இதுக்குப் பேர் டெஸ்டிங்கா?

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கத்து காலேஜ் ப்ராஜெக்ட் டெமோக்களில் இப்போதெல்லாம் இப்படி ஒரு காட்சியைப் பார்க்கலாம். ஆன்லைன் கடையில் ஆர்டர் விழுந்ததும் ஷாப்பிஃபை மாதிரி விற்பனைத் தளமே நம்ம சர்வரைத் தேடி வந்து தகவல் சொல்லும். 2007-ல் ஜெஃப் லிண்ட்சே இதற்கு வைத்த பெயர்தான் வெப்ஹுக். நம்ம ஆட்கள் என்ன செய்கிறார்கள்? கையாலேயே ஒரு ஜேசான் எழுதி, போஸ்ட்மேனில் லோக்கல்ஹோஸ்டுக்கு அனுப்பி, "200 ஓகே வந்திடுச்சு சார்!" என்கிறார்கள்.

கேள்வித்தாளும் நீயே, விடைத்தாளும் நீயே என்றால் சென்டம் வராமல் என்ன செய்யும்?

கேட்டால், "ஷாப்பிஃபையால லோக்கல்ஹோஸ்டுக்கு வர முடியாதே" என்பார்கள். வாஸ்தவம்தான். 127.0.0.1 என்றால் ஒவ்வொரு மெஷினுக்கும் அது தன்னையே குறிக்கும். கடிதத்தில் "எங்க வீடு" என்று மட்டும் விலாசம் எழுதினால் தபால்காரர் எங்கே போவார்? ஆனால் அதற்குத்தானே என்க்ராக் மாதிரி டனல்கள் இருக்கின்றன! லேப்டாப்பே வெளியே போய் இணைப்பு ஏற்படுத்துவதால் ரவுட்டரில் கை வைக்க வேண்டியதில்லை. ஒரு பொது விலாசம் கிடைக்கும், அவ்வளவுதான்.

நிஜத் தளம் கதவைத் தட்டும்போதுதான் வண்டவாளம் தெரியும். ஷாப்பிஃபை 5 வினாடிதான் காத்திருக்கும். அதற்குள் மெயில் அனுப்பி, பில் போட்டு முடிக்காவிட்டால், போய்ச் சேரவில்லை என்று நினைத்து அதே தகவலை மறுபடி அனுப்பும். பூந்தமல்லியில் ஒரு துணிக்கடை இதை நம்பி இருக்கிறது என்று வையுங்கள். ஒரே புடவை இரண்டு முறை பார்சல் ஆகும்! முதலில் 200 சொல்லிவிட்டு வேலையைப் பிறகு செய்வதும், அடையாள எண்ணைப் பார்த்து இரட்டையை ஒதுக்குவதும் சொந்த ஜேசானில் தோன்றவே தோன்றாத பாடங்கள்.

இதைவிடக் கொடுமை, "டெஸ்டிங்தானே" என்று ஹெச்மேக் கையெழுத்துச் சரிபார்ப்பை கமெண்ட் போட்டு வைப்பது. அது அப்படியே லைவுக்குப் போனால், யார் வேண்டுமானாலும் "பணம் கட்டியாச்சு" என்று பொய்த் தகவல் அனுப்பலாம். சரிபார்த்தாலும், வந்த பாடியை ஒரு எழுத்து மாறாமல் அப்படியே எடுத்துச் சரிபார்க்க வேண்டும். பார்ஸ் செய்து திரும்ப ஜேசான் ஆக்கினால், ஒரு இடைவெளி மாறினாலும் கையெழுத்து பொருந்தாது.

"டனல் ஆபத்தாச்சே?" என்கிறார்கள். ஆமாம், திறந்த கதவுதான். அதனால்தான் டெஸ்ட் ஸ்டோர், பொய் வாடிக்கையாளர்கள், வேலை முடிந்ததும் மூடுவது. கையெழுத்துச் சரிபார்ப்பு இல்லாத லைவ் சர்வர் மட்டும் என்ன, பூட்டிய கதவா?

மார்க் போடுகிற சார் 200-ஐப் பார்த்து ஏமாறலாம். கடைக்காரர் கல்லாவை எண்ணிப் பார்ப்பார், மக்களே!