சிடுசிடுப்புக்குள் இருப்பது

ஸ்வீடன் எழுத்தாளர் பிரெட்ரிக் பேக்மன் 2012இல் எழுதிய ஓவே நாவலைப் படித்தவர்களிடம் பேசினால், பெரும்பாலும் ஒரே பேச்சுதான்: “எங்கப்பா மாதிரியே இருக்கார்.” மனைவி சோன்யாவை இழந்து, தெருவில் யார் விதி மீறினாலும் சண்டைக்குப் போகும் மனிதர் ஓவே. இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குப் பழவேற்காடு ஏரிக்கரைதான் கண்முன் வரும். அங்கே ‘பாடு’ முறை உண்டு. மீன்பிடி இடங்களைச் சீட்டுப் போட்டு, முறை வைத்துப் பகிர்ந்துகொள்வார்கள். முறை தவறி வலை கட்டினால் குரலை உயர்த்தும் பெரியவரை வெறும் முன்கோபி என்று நான் சொல்ல மாட்டேன். அந்த ஒழுங்கில்தான் பல வீடுகளில் உலை கொதிக்கிறது. அவர் பிடித்து வந்ததை விற்றதும், கடன் அடைத்ததும், காசை முடிந்து வைத்ததும் மனைவி. அவள் போனபின், யார் எவ்வளவு தர வேண்டும் என்பதுகூட அவருக்குத் தெரியாது. துக்கம் ஒரு பக்கம், கணக்கு ஒரு பக்கம். அழத் தெரியாதவர் கத்துகிறார்.

நாவல் கண்ணீரைப் பிழிகிறது, ஓவேயின் தற்கொலை முயற்சிகளைச் சிரிப்பாக்குகிறது என்று சிலர் குறைப்படுகிறார்கள். இரண்டாவது குறை நியாயமானது. எனக்கும் அந்தப் பக்கங்கள் உறுத்தின. ஆனாலும் ஓவேயைக் காப்பாற்றுவது அறிவுரை இல்லை. ஈரானிலிருந்து வந்த பக்கத்து வீட்டு பர்வானே உதவி கேட்டுக் கதவைத் தட்டுகிறாள். அவர் திட்டிக்கொண்டே எழுந்து போகிறார். ஏரிக்கரைப் பெரியவரிடமும் கிழிந்த வலையோடு ஒரு பையன் போய் நிற்கட்டும்.